நாலு மணிப் பெட்டி

சிவப்புப் பெட்டி ஐந்தாவது முறையாக அதே இடத்தில் நின்றது.

மேல் நிலையத்திலிருந்து நாலு மணிக்குச் சரியாகத்தான் புறப்பட்டது. நாலு ஐந்துக்கு மலையின் சரிபாதி வந்தது. ஏறுகிற பச்சைப் பெட்டியும் இறங்குகிற சிவப்புப் பெட்டியும் ஒன்றையொன்று கடக்கும் இரட்டைத் தடம் அது. அங்கே காலுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. வேகம் தளர்ந்தது. பிறகு, நடுவழியில் படுத்துக்கொள்ளும் சண்டி மாடு போலப் பெட்டி நின்றேவிட்டது. ஒரே வடத்தின் இரண்டு முனைகளில் கட்டிய பெட்டிகள் என்பதால் பச்சையும் கூடவே நின்றது.

அவள் கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு மேற்குப் பக்கப் படியில் இறங்கினாள். டார்ச் அடித்து, குனிந்து, பெட்டிக்கு அடியில் பார்த்தாள். சக்கரங்கள் தண்டவாளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. வடம் உருளைகளின் மேல் விறைப்பாகக் கிடந்தது. கல் இல்லை, குச்சி இல்லை. எதுவும் எதையும் உரசவில்லை. ஏறி வந்து பிரேக்கைத் தளர்த்தினாள். பெட்டி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல, நகர்ந்து போனது.

பச்சைப் பெட்டியில் பள்ளிக்கூடம் விட்டு ஏறி வந்த பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கேட்டார்கள்.

"தண்ணியக்கா, தூங்கிட்டீங்களா?"

ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். வெளியூர்க்காரர்கள் அந்தப் பேரைக் கேட்டால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அவள் சாராயத்தை ஒரு சொட்டுக்கூடத் தொட்டவள் அல்ல. பேர் வந்தது தொழிலால்.

இந்தப் பாதையில் இன்ஜின் கிடையாது. தண்ணீர்தான் இன்ஜின். கிணற்றுச் சகடையில் ஒரு கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டினால், கனமான வாளி இறங்கும், லேசான வாளி ஏறும் அல்லவா? அதே சங்கதிதான். மலை உச்சியில் ஒரு பெரிய சக்கரம். அதைச் சுற்றி வடம். இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் தரைக்கு அடியிலும் ஒரு இரும்புத் தொட்டி. கோட்டைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் அது கனத்து இறங்கும். கீழே நிற்கும் பெட்டி ஏறும். அடிவாரம் சேர்ந்ததும் தொட்டியைத் திறந்து ஓடையில் விட்டுவிடுவார்கள். மேலே வந்து சேர்ந்த பெட்டியில் மறுபடி நிரப்புவார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் ஓடுகிறது.

எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் சூட்சுமம். அடிவார நிலையத்தின் மணிக்காரர் தன் பெட்டியில் ஏறியவர்களை எண்ணி, ஆளுக்கு ஒரு தட்டாகக் கம்பி மணியை இழுப்பார். மேலே இருப்பவர் எண்ணிக்கொள்வார். ஒரு ஆளுக்கு ஏழு குடம். தொட்டிக்குள் விட்டுப் பார்க்கும் குச்சியில் ஆளுக்கு ஒரு வெட்டு உண்டு. இரண்டு பெட்டியிலும் ஆள் சமமாக இருந்தால், ஐந்து ஆள் தண்ணீர் கூடுதலாக இறங்குகிற பெட்டிக்கு. அதற்கு மேல் போனால் வேகம் எகிறும், குறைந்தால் நகராது. நாலு மணிக்கு இரண்டு பெட்டியும் நிறைந்திருக்கும், இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. அவள் ஐந்து ஆள் தண்ணீர் விட்டிருந்தாள். குச்சியை இரண்டு தரம் விட்டுப் பார்த்திருந்தாள். மற்ற நேரத்தில் அதே ஐந்து ஆள் தண்ணீரில் பெட்டி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. நாலு மணிக்கு மட்டும் நின்றது. அதுவும் வெயில் அடிக்கிற நாளில் மட்டும்; இந்த மழைக்காலத்தில் அப்படி ஒரு நாள் வாய்ப்பதே அபூர்வம். மூட்டமான நாளில் நின்றதே இல்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் மணிக்காரர், அவள் அடிவாரம் சேர்ந்ததும். "எல்லாம் அந்த ரிசார்ட்காரன் வேலை. வெயில் அடிச்சா நீச்சல் குளத்துக்குத் தண்ணி இழுக்கறான். நம்ம ஊத்தை உறிஞ்சிட்டான்."

"ஊத்துல குறைஞ்சா நிரப்பறதுக்கு நேரமாகும். நிரம்பின தொட்டி எப்படிண்ணே குறையும்? குச்சி சொல்லுதே."

"குச்சி கிடக்குது. எனக்கு வயிறு சொல்லுது."

ஊரில் எல்லோருடைய வயிறும் அதையேதான் சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் கோட்டை பார்க்க வருகிறவர்கள் காலை முதல் பெட்டியில் ஏறி வருவார்கள். கோட்டைத் தெருவில் சாப்பிடுவார்கள், வீடுகளில் அறை எடுத்துத் தங்குவார்கள், நிலவறைக் குளத்தை எட்டிப் பார்த்துக் கூவி எதிரொலி கேட்பார்கள். இரண்டு வருஷம் முன்பு, மலையின் கிழக்குத் தோளில் இருந்த தோப்பை வெட்டி ரிசார்ட் வந்தது. அதற்கென்று தனிச் சாலை வந்தது. வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். தெருவில் மூன்று வீடுகள் 'அறை கிடைக்கும்' பலகையைக் கழற்றிவிட்டன. ஆணி, தாழ்ப்பாள் விற்ற கடை இப்போது வாசனை மெழுகுவத்தி விற்றது. கோட்டைச் சுவரில் துணி காயப்போடக் கூடாது, காட்சி கெடுகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே சமயம், தெருவில் பாதி வீடுகளுக்குச் சம்பளம் வந்ததும் அங்கிருந்துதான். அவளுடைய கணவனே ரிசார்ட்டில் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறவன்.

நாலு மணிப் பயணமும் ரிசார்ட்டின் ஏற்பாடுதான். தினமும் வேனில் இருபத்து நாலு விருந்தாளிகளை மேல் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அவர்கள் 'பழைய காலப் பயணம்' போய் அடிவாரத்தில் இறங்கி, காத்திருக்கும் இன்னொரு வேனில் திரும்பிவிடுவார்கள். தெருவுக்குள் ஒரு கால் வைப்பதில்லை.

அன்று சாயங்காலமே பாதுகாப்பு அலுவலகத்துக் கடிதம் வந்தது. பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை, நாலு மணிப் பயணத்தில், முழுப் பயணிகளோடு இன்ஸ்பெக்டர் வருவார். பெட்டி நின்றால் பாதை மூடப்படும். பொதுமக்கள் ரிசார்ட் சாலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரிசார்ட் சாலை ரிசார்ட் கேட்டோடு முடிகிறது. அங்கிருந்து கோட்டைத் தெருவுக்கு முந்நூற்றுப் பத்துப் படி. பள்ளிக்கூடம் கீழே, ஆஸ்பத்திரி கீழே. முட்டி தேய்ந்த அவளுடைய மாமியார் வாரம் இரண்டு தரம் கீழே போய் வர வேண்டியவர். பாதை மூடினால் தெரு மெல்ல மெல்லக் காலியாகிவிடும் என்பது கடிதத்தில் எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது.

"நிக்கறது எப்பவும் சிவப்புதான், பச்சை இல்ல," என்றார் பச்சைப் பெட்டிக்காரர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

"அப்ப என்னாலதான்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலம்மா. ஊர் சொல்லுது."

"ஊர் சொல்லட்டும். எதனாலன்னு நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

இருட்டுவதற்குள் இருவரும் சிவப்புப் பெட்டியின் அடியில் மல்லாந்து படுத்தார்கள். வடம் அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்துவதற்கென்று பெட்டியின் உடம்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கட்டை தொங்கும். கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நான்கு நூல் இடைவெளி, அதாவது அரை அங்குலம். மேற்குக் கட்டையில் துரு படிந்திருந்தது; அப்படித்தான் இருக்க வேண்டும். கிழக்குக் கட்டையின் அடி, தேய்த்து வைத்த பாத்திரம் போலப் பளபளத்தது.

"பாத்தீங்களா? இது உரசுது," என்றாள். "பெட்டி கிழக்குப் பக்கம் சாயுது. ஸ்பிரிங் அமுங்கி, கட்டை இறங்கி, தண்டவாளத்தைத் தொடுது. அஞ்சு ஆள் தண்ணிதான் நம்ம பலம். அதை இந்த உரசல் தின்னுடுது."

"அப்ப கட்டையை அரம் போட்டு ரெண்டு நூல் ராவிடுவோம். முடிஞ்சுது."

"ராவினா இடைவெளி கூடும். வடம் அறுந்து போற நேரத்துல பிடிக்க வேண்டியது ரெண்டு நூல் லேட்டா பிடிக்கும். அந்த ரெண்டு நூலுக்குள்ள பெட்டி எவ்வளவு வேகம் எடுக்கும்னு நினைச்சுப் பாருங்க."

அவர் நினைத்துப் பார்த்தார். அரத்தைப் பைக்குள் போட்டார்.

ஆனால் ஏன் சாய்கிறது? இரண்டு பக்க ஸ்பிரிங் பட்டையும் ஒரே உயரம். தடம் மட்டம் பார்த்தாகிவிட்டது. மூன்றாம் முறை நின்றபோதே, இரண்டு பக்க இருக்கையிலும் ஆளுக்கு ஒன்றாக மணல் மூட்டைகளை வைத்து நாலு மணிக்கு ஓட்டிப் பார்த்திருந்தார்கள். நிற்கவில்லை.

அன்று வெள்ளி. சனியும் ஞாயிறும் மூட்டம். திங்கள், ரிசார்ட் பயணத்துக்கு வார விடுமுறை. மூட்டைக்குப் பதில் மனிதர்களையே வைத்து ஓட்டுவது என்று முடிவு செய்தாள். தெருவிலிருந்து இருபத்து நாலு பேர் வந்தார்கள், மாமியார் உட்பட. சோதனை ஓட்டத்துக்கு என்று பழைய விதி ஒன்று உண்டு: பயணிகள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, பெட்டிக்காரர் பார்வையைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கக் கூடாது. அதை உரக்க வாசித்துவிட்டுப் புறப்பட்டாள். நாலு ஐந்துக்கு இரட்டைத் தடம் வந்தது. போனது. முனகல்கூட இல்லை.

"பெட்டிக்கு ரிசார்ட்காரங்களைத்தான் பிடிக்கல போல," என்றார் மணிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"என்ன அத்தை, கண்ணுல தூசியா?"

"தூசி இல்ல, வெயில். பாதி வழியில மூஞ்சிக்கு நேரா அடிச்சுது பாரு, கண்ணுல தண்ணியா கொட்டுது. அசையக் கூடாதுன்னு பெரிய அதிகாரி மாதிரி சொல்லிட்டே. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

"மேற்கு இருக்கையிலதானே உக்காந்திருந்தீங்க? முதுகுக்குப் பின்னாலதான் சூரியன். அந்தப் பக்கத் துணித்திரையும் இறக்கி இருந்துச்சு."

"வெயில் முன்னாடி அடிக்குதா பின்னாடி அடிக்குதான்னுகூடத் தெரியாத அளவுக்கு எனக்கு வயசாகிடல. எதிர் ஜன்னல்லேருந்து அடிச்சுது."

"நாலு மணிக்குக் கிழக்கேருந்தா?"

"சூரியனுக்கு வழி தப்பிடுச்சோ என்னவோ. அதையும் நீயே போய்ப் பாரு."

குளத்தில் வேலை முடிந்து வந்த கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். "அது எங்க புது ஹாலோட கண்ணாடியா இருக்கும்," என்றான் சாதாரணமாக. "முன்பக்கம் மூணு மாடி உயரத்துக்கு முழுக்கக் கண்ணாடி மாட்டி ரெண்டு மாசம் ஆச்சு. சாயங்காலம் மேற்கு வெயில் அதுல பட்டா, குளத்துக்கிட்டக்கூட நிக்க முடியாது."

அவள் விரல்விட்டு எண்ணினாள். பெட்டி முதல் முறை நின்றது இரண்டு மாதம் முன்பு.

இப்போது ஒவ்வொன்றாகப் பொருந்தியது. பாதை முழுவதும் பாறையைக் குடைந்த பள்ளத்தில் போகிறது. இரட்டைத் தடத்தில் மட்டும்தான் கிழக்குப் பக்கம் திறந்திருக்கும். அதற்கு நேர் மேலே, மலைத் தோளில், அந்தக் கண்ணாடி. மேற்கே இறங்கும் சூரியன் அதில் பட்டுத் திரும்பி, சாய்வாகக் கீழே, சிவப்புப் பெட்டியின் கிழக்கு ஜன்னல் வழியாக, மேற்கு இருக்கையில் இருப்பவர்களின் முகத்தில் விழுகிறது. பச்சைப் பெட்டி அப்போது சிவப்பின் நிழலில் போய்விடுகிறது. பெட்டியைக் கட்டியவர்கள் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் திரை வைத்தார்கள். அவர்கள் காலத்தில் பிற்பகலில் கிழக்கே வெயில் கிடையாது.

முகத்தில் வெயில் அடித்தால் மனிதன் என்ன செய்வான்? ஊர்க்காரர்கள் விதிக்குக் கட்டுப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மணல் மூட்டைக்குக் கண்ணே இல்லை. சுற்றுலா வந்தவன்? அதை அவள் பார்த்ததே இல்லை. பதினொரு வருஷமாகப் பயணிகளுக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறாள். வெளிச்சம் விழுந்ததெல்லாம் அந்த முதுகுக்குப் பின்னால்.

"ஏங்க, உங்க ஷேவிங் கண்ணாடியை நாளைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அப்ப நான் எப்படிச் சவரம் பண்றது?"

"ஒரு நாள் தாடியோட குளத்தைக் கழுவுங்க. குளம் ஒண்ணும் சொல்லாது."

செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது. அவள் தன் முன் ஜன்னல் ஆணியில் கண்ணாடியைத் தொங்கவிட்டாள். ஒரு கண் தண்டவாளத்தில், ஒரு கண் கண்ணாடியில். நாலு ஐந்து. பாறைச் சுவர் முடிந்தது. பெட்டிக்குள் பட்டென்று வெள்ளை வெளிச்சம் விழுந்தது. மேற்கு இருக்கையில் இருந்த பன்னிரண்டு பேரும், வாத்தியார் நுழைந்த வகுப்பு போல, ஒரேயடியாக எழுந்தார்கள். கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு இரண்டே எட்டில் எதிர்ப்பக்கம் போய், கூரையின் நிழலில், கிழக்குச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஏற்கெனவே அங்கே பன்னிரண்டு பேர். இருபத்து நாலு பேரும் ஒரே ஓரத்தில். காலுக்கு அடியில் முனகல். பெட்டி நின்றது.

அவள் இறங்காமல் நின்று கவனித்தாள். பிறகு வழக்கம்போல மேற்குப் படியில் இறங்கினாள். என்ன ஆச்சு என்று அத்தனை பேரும் மேற்கு ஜன்னலுக்கு வந்து அவளை எட்டிப் பார்த்தார்கள். பெட்டி நிமிர்ந்தது. கிழக்குக் கட்டை மேலே எழும்பியது. இவ்வளவு நாளும் அவள் குனிந்து பார்க்கிறாள் என்பதாலேயே கோளாறு மறைந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆறாவது முறை நின்ற பழி அவள் பேரில் எழுதப்பட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. நோய் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை காலை நேராக ரிசார்ட்டுக்குப் போனாள். மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்தார், ஜூஸ் கொடுத்தார், முழுவதும் கேட்டார்.

"மூணரையிலேருந்து நாலரை வரைக்கும் கண்ணாடிக்குள்ள திரை இழுத்துவிட்டா போதும் சார். ஒரு மணி நேரம்."

"அம்மா, அந்த ஹாலே அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கட்டினது. அங்கேருந்து மேற்கு வெயில் சாயறதைப் பாக்கத்தான் வர்றாங்க. தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன். பதில் வர ரெண்டு மாசமாவது ஆகும்."

"எனக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"தப்பா நினைக்காதீங்க. பாதை மூடினா நீங்க எங்ககிட்டயே வந்துடலாம். மலைப்பாதையில ஓட்டுறவங்க எங்களுக்கு வேணும். வேன் கத்துக்குடுத்துடறோம்."

"பாதை மூடாது சார்," என்று ஜூஸைத் தொடாமலே எழுந்தாள்.

அன்றைக்கு நாலு மணிக்கு, புறப்படும் முன்பே பயணிகளிடம் கைகூப்பிச் சொன்னாள்: பாதி வழியில் வெளிச்சம் அடிக்கும், எழுந்திருக்காதீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளிச்சம் அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள்; பெட்டி ஏழாவது தரம் நின்றது. கூசுகிற கண்ணுக்குக் காது கேட்காது.

நல்ல வேளையாக அடுத்த நாட்களில் மூட்டம் போட்டது. அதற்குள் அவளும் மாமியாரும் தடித்த துணியில் கிழக்கு ஜன்னல்களுக்குத் திரை தைத்தார்கள். அடுத்த திங்கள்கிழமை வெயில் திரும்பியது. மறுபடியும் இருபத்து நாலு பேரை ஏற்றினாள். இந்த முறை விதியை வாசிக்கவில்லை.

"யாரும் சும்மா உக்காரக் கூடாது. சுற்றுலா வந்தவங்க மாதிரி நடந்துக்கணும்," என்றாள்.

"அப்ப எனக்குத் தொப்பி வேணும்," என்றார், கீழே மணியை வேறொருவரிடம் விட்டு வந்திருந்த மணிக்காரர்.

அவர் தேவைக்கு மேலேயே நடித்தார். திரை இறக்கியிருந்ததால் வெளிச்சம் விழவில்லை. பெட்டி அழகாகப் போய்க்கொண்டிருந்தது. இரட்டைத் தடம் வந்ததும் மணிக்காரர் எழுந்து போய்த் திரையின் ஓரத்தைத் தூக்கினார். "அதோ பாருங்க, நம்ம ரூம் தெரியுது. அதோ குளம். யாரோ தாடிக்காரன் கழுவுறான்." எங்கே எங்கே என்று மேற்கு இருக்கை முழுவதும் அவர் பின்னால் போய் மொய்த்தது. முனகல். பெட்டி நின்றது.

"ஏண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றார் பச்சைப் பெட்டிக்காரர், எதிர்ப் பெட்டியிலிருந்து.

"திட்டாதீங்க, அண்ணன் செஞ்சதுதான் சரி," என்றாள் அவள். "ரிசார்ட்காரங்க அவங்க ரூமைத் தேடத்தான் போறாங்க. இன்னைக்கு வெயிலு, நாளைக்குக் குளம், அடுத்த மாசம் அவன் இன்னொண்ணு கட்டுவான். ஒவ்வொண்ணுக்கும் திரை தைச்சுக்கிட்டே இருக்க முடியாது."

நின்ற பெட்டியின் நடுவே நின்றுகொண்டு யோசித்தாள். ஜன்னலோரமாக நீளவாக்கில் இரண்டு இருக்கை, ஒன்றையொன்று பார்த்து. நடுவே காலி நடைபாதை. அந்தக் காலி இடம்தான் குற்றவாளி. இந்தப் பக்கத்து ஆள் இரண்டு எட்டில் அந்தப் பக்கம் போய்விட முடிகிறது. சீசா பலகையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே நுனியில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே. நுனியில் உட்காருகிற பிள்ளைக்குத்தான் பலம். நடுக்கட்டை மேல் உட்கார்ந்தால் யானை உட்கார்ந்தாலும் பலகை சாயாது.

"வெளிச்சத்தை நிறுத்த நம்மால முடியாது. ஆளை வேடிக்கை பாக்காதேன்னும் சொல்ல முடியாது," என்றாள் மெதுவாக. "குறுக்கே போறதை நிறுத்த முடியும். ரம்பம் யார்கிட்ட இருக்கு?"

செவ்வாயும் புதனும் பகல் ஓட்டத்தை எல்லாம் பச்சைப் பெட்டிக்காரரின் தம்பி பார்த்துக்கொண்டார். நாலு மணிப் பயணத்தை நகரசபை அனுமதியோடு ரத்து செய்தார்கள். சிவப்புக்குப் பதிலாக வெறும் தண்ணீர் வண்டியை மாட்டி, பச்சையை மட்டும் ஆள் ஏற்றி ஓட்டினார்கள். கொட்டகையில் அவளும் பச்சைப் பெட்டிக்காரரும் ஜன்னலோர இருக்கைகளின் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். இரண்டையும் பெட்டியின் நட்ட நடுவில், முதுகோடு முதுகாக, வெளிப்பக்கம் பார்த்து வைத்தார்கள். நடுவே முன்சுவரிலிருந்து பின்வாசல் வரைக்கும், தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. கணவன் சாயங்காலம் வந்து போல்ட்டுகளை முறுக்கினான்.

"எங்க மேனேஜர் பாத்தா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவார்," என்றான் சிரித்துக்கொண்டே.

"தூக்கினா வாங்க. தண்ணி நிரப்பக் கத்துக்குடுக்கறேன்."

முடிந்ததும், தெருவிலிருந்து மறுபடி இருபத்து நாலு பேரை வரவழைத்து ஏற்றி, கிழக்குப் பக்கம் பன்னிரண்டு பேரையும் எழுந்து ஜன்னலில் முகத்தை ஒட்டி நிற்கச் சொன்னாள். மேற்குப் பக்கத்தவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெட்டிக்கு அடியில் படுத்து, கிழக்குக் கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அளவுகோலை நுழைத்தாள். முன்பு இருபத்து நாலு பேர் நான்கு நூலை அமுக்கினார்கள். பன்னிரண்டு பேர் இரண்டு நூலைத்தான் அமுக்கினார்கள். இரண்டு நூல் மிச்சம் இருந்தது. அளவுகோல் தாராளமாகப் போய் வந்தது.

வியாழக்கிழமை வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. இன்ஸ்பெக்டர் கையில் அட்டையோடு கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிசார்ட் வேனிலிருந்து இறங்கிய இருபத்து மூன்று பேரை அவள் பின்வாசலில் நின்று எண்ணி அனுப்பினாள்: இன்ஸ்பெக்டரோடு சேர்த்து இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் பன்னிரண்டு. ஒரு கணவன் மனைவியைப் பிரித்து உட்கார வைக்க நேர்ந்தது. "பத்து நிமிஷமாவது நிம்மதியா இருக்கேன்," என்றாள் அந்த மனைவி. கீழேயிருந்து மணி இருபத்து நாலு தட்டு தட்டியது. அவள் ஐந்து ஆள் தண்ணீர் விட்டு, குச்சியைப் பார்த்து, பிரேக்கைத் தளர்த்தினாள்.

நாலு ஐந்து. பாறைச் சுவர் முடிந்தது. வெளிச்சம் வந்து விழுந்தது. ஷேவிங் கண்ணாடியில் பார்த்தாள். கிழக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் திரையை இழுத்துவிட்டார்கள். மூன்று பேர் எழுந்து திரையை விலக்கித் தங்கள் அறையைத் தேடினார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மேற்குப் பக்கத்தில் ஒருவர் எட்டிப் பார்க்க எழுந்து, தடுப்பில் கையை ஊன்றி, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பச்சைப் பெட்டி பிள்ளைகளோடு பக்கத்தில் கடந்து போனது. காலுக்கு அடியில் சக்கரச் சத்தம் மட்டும். மறுபடி பாறைச் சுவர் வந்தது. பெட்டி அடிவாரம் வரைக்கும் ஒரே சீராக இறங்கியது.

மணிக்காரர் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "கோளாறு என்ன, என்ன செஞ்சீங்க, நீங்களே எழுதிடுங்க. சுருக்கமா."

அவள் தொட்டித் திருகைத் திறந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்:

எதிர்க் கண்ணாடியின் வெளிச்சம் பட்டுப் பயணிகள் எல்லோரும் கிழக்குப் பக்கம் போனதால் பெட்டி சாய்ந்து கட்டை உரசியது. இருக்கைகள் நடுவுக்கு மாற்றப்பட்டு, இடையில் தடுப்பு வைக்கப்பட்டுள்ளது. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். ஒரு பக்கத்தவர் மறுபக்கம் போக முடியாது. ஒரு பக்கத்தவர் அத்தனை பேரும் ஜன்னலுக்குப் போனாலும் இரண்டு நூல் இடைவெளி மிச்சம் இருக்கும். பெட்டி நிற்காது.